வாளை மீன் தொங்கிய ரிமோட் கம்பி

போன மாதம் திருப்போரூருக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் தானியங்கிப் பாசனக் கருவி பொருத்தினார்கள். தோப்புக்காரர் எனக்குப் பழக்கமானவர். "வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார், போனேன். வேலைக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் கைப்பேசியில் எதையோ தொட்டார்கள். தோப்பின் மறுகோடியில் தண்ணீர் பீறிட்டது. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க காலத்துல ரிமோட்டெல்லாம் ஏது சார்?" என்றார்.

"இருந்தது. நாலு இழைக் கம்பி. ஒரு முனையில் பொத்தான், மறுமுனையில் மோட்டார்" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு முடித்ததும், "இதை எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். வருடத்தையும் மாதத்தையும் சரிபார்க்காமல் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அப்போது என்னோடு வேலை பார்த்தவர்களில் இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு. முடித்ததும் படாளம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் பம்ப்செட்டுக்கு இணைப்புக் கொடுத்துத் திரிந்தேன். எழுபத்தைந்தில் சென்னையிலிருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து பாசனக் கண்ட்ரோலர்களை வரவழைத்துப் பெரிய தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் பொருத்தித் தருவது அவர்கள் தொழில். அங்கே எனக்கு ஃபோர்மேனாக வாய்த்தவர் இஸ்மாயில் பாய். அவரும் செங்கல்பட்டுதான். குடும்பத்தார் கடைத்தெருவில் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் கம்பியின் பின்னால் வந்துவிட்டவர்.

பாயின் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். எந்த இணைப்பையும் கொடுத்த உடனே சுவிட்சைப் போட விடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பி போகிற வழியெல்லாம் நடப்பார். பின்னால் போகும் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கரண்டு எங்கே புறப்படுகிறது, எதன் வழியாகப் போகிறது, என்ன வேலை செய்கிறது, எப்படித் திரும்பி வருகிறது. நடுவில் தடுமாறினால் திட்டமாட்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நிற்பார். நாமும் போய் நிற்க வேண்டும். வெயிலில் அப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை யாருக்கும் தடுமாறாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு இயந்திரம் பழுதானால் அங்கே வேலை செய்கிறவனிடம், "நீ என்ன பண்ணினே?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஆளக் கேக்கறதுக்கு முன்னாடி கம்பியக் கேளு" என்பார்.

எழுபத்தேழு மழைக்காலம் முடிந்த கையோடு முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கடற்கரை விடுதியில் வேலை வந்தது. மணல் மேட்டின்மேல் விடுதி. அதைச் சுற்றிப் புல்வெளி. மேட்டுக்குப் பின்னால் சவுக்கும் தாழையும் அடர்ந்த பள்ளம். அதையொட்டி ஒரு மீனவர் குப்பம். குப்பத்தைத் தாண்டினால் நல்ல தண்ணீர்க் கிணறும் பம்ப் கொட்டகையும். புல்வெளியைப் பன்னிரண்டு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு வைத்தோம். கண்ட்ரோலர் விடுதியின் மின் அறையில். பச்சை வண்ண இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு கடிகாரம், கடிகாரத்தைச் சுற்றிச் செருகும் சிறு ஊசிகள். எந்த நேரத்தில் ஊசி செருகுகிறோமோ அந்த நேரத்தில் முதல் வால்வு திறக்கும். அது மூட, அடுத்தது திறக்கும்.

பெட்டியைச் சுவரில் மாட்டுவது எளிது. அதனோடு சேரும் துணைக் கருவிகளில்தான் வேலையே. முதலாவது மழைக் கிண்ணம். திறந்த வெளியில் ஒரு கம்பத்தில் நிற்கும். மழை நிறைந்தால் எடையில் தாழ்ந்து வால்வுகளுக்குப் போகும் கரண்டை அறுத்துவிடும். முதல் வாரம் காக்கைகள் அதில் ஏறி உட்கார்ந்து மழையே இல்லாமல் மழையை அறிவித்தன. மேலே கம்பி வலை கட்டினோம். இரண்டாவது பம்ப் ரிலே. வால்வு திறக்கும்போது பெட்டி இருபத்துநாலு வோல்ட்டை அனுப்பும். பம்ப் கொட்டகையிலுள்ள ரிலே அதை வாங்கி மோட்டாரை ஓட்டும். பெட்டி நிறுத்தினால் ரிலே விடும், மோட்டார் நிற்கும். மூன்றாவது ரிமோட். விடுதித் தாழ்வாரத்தில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், மோட்டார் ஓடுகிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்கு. விருந்தாளிகள் புல்வெளிக்கு வந்துவிட்டால் மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்தலாம்.

இந்த ரிலேக்கும் ரிமோட்டுக்குமான நாலு இழைக் கம்பியை விடுதியிலிருந்து பம்ப் கொட்டகை வரை சவுக்குக் கம்பங்களில் இழுத்துக் கட்டினோம். ஒரே சுருளில் எட்டவில்லை. நடுவில் பள்ளத்தில், குப்பத்து ஓரமாக ஒரு கம்பத்தில் இணைப்புப் பெட்டி வைத்துச் சேர்த்தோம். சேர்க்கும் முறை இது. இழையைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, தனித்தனித் திருகில் இறுக்குவது. மழைத்தண்ணீர் கம்பி வழியாக ஓடி உள்ளே போகாதபடி, கம்பியைக் கீழே வளைத்து, அடியிலிருந்து மேல்நோக்கிப் பெட்டிக்குள் நுழைத்தேன். பாய் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடம் அந்த "ம்" வாங்குவது பெரிய விஷயம்.

கம்பியைப் பார்த்துக் குப்பத்தில் பயந்தார்கள். குழந்தைகள் ஓடியாடும் இடம். பாய் ஒரு முனையைச் சுரண்டி, கரண்டைப் போடச் சொல்லி, எல்லார் முன்னாலும் விரல்களால் பிடித்துக் காட்டினார். "இது வூட்டுக் கரண்டு இல்ல. தொட்டா அடிக்காது. கொயந்தயே தொடலாம்" என்றார். கூட்டம் கலைந்தது.

பம்ப் கொட்டகையில் அதுவரை மோட்டாரைப் போட்டு நிறுத்தியவர் கன்னியப்பன். அதே குப்பத்துக்காரர். படகில் போய்க்கொண்டிருந்தபோது வலது தோள் இறங்கிவிட்டது. வலை இழுக்க முடியாமல் கரைக்கு வந்தவர். பெட்டி வந்த அன்றே மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார்: "மாசி மகம் வரைக்கும் இரு. மெஷின் ஒழுங்கா ஓடிடுச்சின்னா அதுக்கப்புறம் பம்புக்கு ஆள் தேவையில்லை." மேனேஜர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். முதலாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

தை பிறந்து பொங்கல் கழிந்த வாரத்தில் விடுதியிலிருந்து ஆபீசுக்கு ஃபோன் வந்தது. விடியற்காலையில் குழாய் வெடித்துவிட்டது, புல்வெளியில் பள்ளம் விழுந்துவிட்டது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பெட்டியைச் சோதித்தோம், சரியாக இருந்தது. ரிலேயைச் சோதித்தோம், சொன்னபடி பிடித்தது, சொன்னபடி விட்டது. புதுக் குழாய் வைத்து, மத்தியான பஸ்ஸுக்கே திரும்பினோம். அடுத்த வாரம் மறுபடி வெடித்தது. மேனேஜர் இந்த முறை பாயைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வால்வெல்லாம் மூடியிருக்கு. மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணி போக இடமில்லாம குழாய் வெடிக்குது. அந்த நேரத்துல மோட்டார்கிட்ட இருக்கிறது ஒரே ஆள். மெஷின் கெட்டுப்போனா யாருக்கு லாபம்னு நான் சொல்லணுமா? இன்னொரு தடவை நடந்தா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்."

"கம்பியப் பாத்துட்டு சொல்றேன் சார்" என்றார் பாய்.

வெளியே கன்னியப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணாத்த, நீயே சொல்லு" என்றார் என்னிடம். "நான் இன்னாத்துக்கு குயாய ஒடைக்கப் போறேன்? ஒடைஞ்சா மண்ணத் தோண்டறதும் நான்தானே? இந்தத் தோள வெச்சிகினு?"

அன்று பாய் கம்பி வழியே நடந்தார். நான் பின்னால் சொல்லிக்கொண்டே போனேன். பள்ளத்து இணைப்புப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே திருகுகளைச் சுற்றி வெள்ளையாகக் கொஞ்சம் பூத்திருந்தது. கடற்கரையில் எந்த இரும்பைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். துணியால் துடைத்து மூடினேன். அதன்பிறகு சில நாள் தொந்தரவே இல்லை. பிறகு மூன்றாவது ஃபோன் வந்தது. கன்னியப்பன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டதால் இந்த முறை குழாய் தப்பித்தது. மேனேஜர் அதையும் சந்தேகமாகத்தான் எடுத்துக்கொண்டார்: தானே போட்டுவிட்டுத் தானே நிறுத்தி நல்லபேர் வாங்கப் பார்க்கிறான்.

"தொடச்சதும் நின்னுது, பூத்ததும் வந்துது" என்றார் பாய். "நாம எப்பவும் காத்தால வெயில்ல போய்ப் பாக்கறோம், மத்தியானத்துக்குள்ள ஓடி வந்துடறோம். இந்தத் தடவ மாலையில போயி ராத்திரி அங்கயே தங்குவோம். விடியக்காத்தால பனியோட பாக்கணும்."

வெயில் சாயும் நேரத்தில் பள்ளத்தில் இறங்கினோம். தாழைப் புதரைத் தாண்டியதும் பாய் அப்படியே நின்றார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன்.

எங்கள் ரிமோட் கம்பி நெடுக வாளை மீன். இடுப்பு பெல்ட் மாதிரி நீளமாக, வெள்ளியாக, உப்புப் போட்டு மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் இடம் விடாமல். ஒரு பெண் காய்ந்ததை எல்லாம் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கன்னியப்பனின் மனைவி எல்லம்மா.

"வாங்கோ பாய்" என்றார். "நல்ல கம்பியா இஸ்துக் கட்டிட்டுப் போனீங்கோ. மணல்ல போட்டா நரநரங்குது. இதுல காயறது கண்ணாடி மாரி கீது."

"இன்னாம்மா இது? கரண்டு போற கம்பிம்மா!"

"நீங்கதானே சொன்னீங்கோ, தொட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு? கொயந்தயே தொடலாம்னீங்கோ. கொயந்த தொடலாம், மீனு தொடக்கூடாதா?"

பாய் ஒரு மீனை விலக்கிக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் உப்புநீர் ஒட்டியது.

எல்லம்மாவும் மற்றப் பெண்களும் காலையில் மீன் விற்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்து பிற்பகலில் உப்பு மீனைத் தொங்கவிடுவார்கள், பொழுது சாய எடுத்துவிடுவார்கள். நாங்கள் வந்துபோன நேரத்தில் கம்பி எப்போதும் வெறுமையாகவே இருந்தது. இணைப்புப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாளை வாசனை. கடல் காற்றின் உப்புக்கு அந்த வாசனை வராது.

நடந்தது இதுதான். உப்புநீர் கம்பியோடு வழிந்து பள்ளத்திலுள்ள பெட்டிக்கு வந்தது. மழைத்தண்ணீராக இருந்தால் நான் போட்ட வளைவில் சொட்டிப் போயிருக்கும். உப்பு அப்படியில்லை. காயும், பூக்கும், பனியைக் குடிக்கும், மறுபடி நகர்ந்து மேலே ஏறும். விடியற்காலைப் பனியில் பெட்டிக்குள், ரிமோட்டுக்காக எந்நேரமும் கரண்டு இருக்கும் இழையின் திருகுக்கும் ரிலே இழையின் திருகுக்கும் நடுவே ஈரப் பாலம் போட்டுவிடும். ரிலேயைப் பிடிக்க வைக்கத்தான் முழு வோல்ட் தேவை. பிடித்ததை விடாமல் வைத்திருக்கக் கொஞ்சம் கசிந்தாலே போதும். கண்ட்ரோலர் நேரம் முடிந்து நிறுத்தினாலும் ரிலே விடவில்லை. வெயில் வந்ததும் பாலம் காய்ந்துவிடும். நாங்கள் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

மறுநாள் விடியலில் பனியோடு மீட்டரை வைத்துப் பார்த்தோம். சந்தேகம் தீர்ந்தது. பம்ப் கொட்டகையிலிருந்து வந்த கன்னியப்பனுக்கு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எம் பொண்டாட்டி தொங்கவுட்ட மீனா? இத்த சொன்னா அவரு இன்னா சொல்லுவாரு? புருசன் ஒடைச்சான்னு சொன்னவரு, புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஒடைச்சாங்கன்னுவாரு. பாய், வாணாம். வேற எதுனா சொல்லிடுங்க. பெட்டி வெளிநாட்டுலருந்தே கோளாறா வந்துதுன்னு சொல்லிடுங்க."

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். புதுப் பெட்டி வைத்துவிட்டுப் பழையதன்மேல் பழியைப் போடுவது எளிது. பாய் தலையை ஆட்டினார்.

"பொய் சொன்னா நாள பின்ன யாராச்சும் தோண்டுவாங்க. அப்ப நீ நெசமாவே மாட்டிப்பே. நடந்தத நடந்தபடியே காட்டிடுவோம். தேவராஜு, பள்ளத்துப் பெட்டியத் தொடைக்காத. அப்படியே இருக்கட்டும்."

பிற்பகலில் மேனேஜரைப் பள்ளத்துக்குக் கூட்டி வந்தார். வாளை மீன்களை வழக்கம்போலத் தொங்கவிடச் சொல்லியிருந்தார். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பாய் இணைப்புப் பெட்டியைத் திறந்தார், ஒரு ஈரத் துணியைப் பிழிந்து உள்ளே வைத்தார், மூடினார். "பனி செய்யற வேலைய இது செய்யும் சார். வாங்க, மேல போவோம்." கன்னியப்பனைக் கொட்டகையில் மெயின் சுவிட்சின் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். கூடவே பிரஷர் காட்டும் முள்ளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம்.

மின் அறையில் நான் கண்ட்ரோலரைத் திருகி முதல் பாத்தியை ஓடவிட்டேன். தண்ணீர் எழுந்தது. தாழ்வாரத்தில் ரிமோட் விளக்கு எரிந்தது. சற்றுக் கழித்துத் திருகி நிறுத்தினேன். புல்வெளியில் தண்ணீர் அடங்கியது. விளக்கு அணையவில்லை.

"செவப்புப் பொத்தான அமுக்குங்க சார்" என்றார் பாய்.

மேனேஜர் அமுக்கினார். விளக்கு எரிந்தது. மறுபடி அமுக்கினார். கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். எரிந்தது.

"பொத்தானுக்கு அந்தாண்ட, பள்ளத்துல பாலம் போட்டிருக்கு சார். பொத்தான் பேச்சு அதுக்குக் கேக்காது" என்றார் பாய். "உங்க கை இங்க இருக்கு. கன்னியப்பன் கை சுவிட்சத் தொடவே இல்ல. ஆனாலும் மோட்டாரு ஓடுது. அந்த மூணு தடவையும் விடியக்காத்தால நடந்தது இதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மெயினை இழுக்கச் சொல்லி நான் மணல் மேட்டின் விளிம்புக்கு ஓடித் துண்டை வீசிக் காட்டினேன். அதற்கு முன்பே விளக்கு அணைந்திருந்தது. முள் ஏறுவதைப் பார்த்த கன்னியப்பன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மேனேஜர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "யார் அந்தக் கம்பியில மீன் தொங்கவிடச் சொன்னது?"



"நான்தான் சார்" என்றார் பாய். "தொடலாம்னு நான் சொன்னேன். குப்பத்து ஓரமா கைக்கு எட்டற ஒயரத்துல கம்பி கட்டினா அதுல மீன் தொங்கும்னு எனக்குத் தோணியிருக்கணும். கட்டின வேலை எங்களுது. எங்க செலவுலயே மண்ணுக்குள்ள பொதைச்சுத் தர்றோம்."

மேனேஜர் புல்வெளிப் பக்கம் திரும்பினார். "மண்ணுக்குள்ள போட்டுட்டா இனிமே நடக்கவே நடக்காதா?"

"இது நடக்காது. வேற எதுவும் நடக்காதுன்னு நான் எப்படி சார் சொல்றது? கரண்டு போனா பெட்டிக் கடிகாரம் நின்னுடும். வந்ததும் யாராச்சும் சரியான நேரத்துக்குத் திருப்பி வெக்கணும். கிண்ணத்துல குப்ப விழும். வால்வுல மணல் மாட்டும். பெட்டிக்கு நேரம் மட்டும்தான் தெரியும் சார்."

மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் கம்பியைக் குழாய்க்குள் விட்டு மணலுக்கடியில் புதைத்தோம். நடுவில் ஒட்டே வராதபடி சென்னையிலிருந்து முழு நீளச் சுருள் வரவழைத்தார் பாய். முனைகளை மெழுகு காய்ச்சி ஊற்றி அடைத்தேன். அந்த வேலையை இன்று தோண்டிப் பார்த்தாலும் நான் தலைநிமிர்ந்து நிற்பேன். பழைய கம்பியைக் கழற்றப் போனபோது எல்லம்மா ஓடி வந்தார்.

"அத்த கயட்டாதீங்கோ பாய். உங்களுக்கு வாணாம்னா எங்களுக்கு வுட்டுடுங்கோ."

பாய் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, கம்பியை அப்படியே கம்பங்களில் விட்டார். "இனிமே தாராளமா தொடலாம்" என்றார். எல்லம்மா சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது.

மாசி மகத்துக்கு முந்தின நாள் ஒப்படைப்பு. மறுநாள் காலையிலேயே மாமல்லபுரத்தில் தீர்த்தவாரிக் கூட்டம் சேர்ந்துவிடும், விடுதியில் அறைகள் நிரம்பிவிடும். மேனேஜர் அவசரத்தில் இருந்தார். பாய் அவசரப்படவில்லை. விடுதியிலிருந்து கொட்டகை வரை நடந்தார், பின்னால் நான் சொல்லிக்கொண்டு போனேன். என் பின்னால் கன்னியப்பனும் வந்தார். பாதி வழியில் நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இங்கருந்து போவுது, ரிலேல பூந்துகினு, மோட்டாரத் தட்டி எயுப்பிட்டு, இப்டிக்கா திரும்பி வந்துடுது." பாய் ஒரு இடத்தில்கூடத் திரும்பிப் போய் நிற்கவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாய் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பொத்தான் பக்கம் போகவில்லை. "நீயே நிறுத்து" என்றார் கன்னியப்பனிடம்.

கன்னியப்பன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிவப்பை அமுக்கினார். விளக்கு உடனே அணைந்தது.

"நாளைக்குக் காலைல யார் தண்ணி விடப்போறது?" என்று மேனேஜர் கேட்டார். "பெட்டியா, நீயா?"

கன்னியப்பன் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். 

"பெட்டி வுடும் சார்" என்றார். "நான் பாத்துகினு இருப்பேன்."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து கண்ட்ரோலரின் சாவியை எடுத்தார். நாங்கள் வேலை பார்த்த நேரம் போக, அது அன்றுவரை அவர் மேசை இழுப்பறையைவிட்டு வெளியே வந்ததில்லை. கன்னியப்பனின் கையில் வைத்து, "பார்த்துக்கோ" என்றார்.